முனிலட்சுமியின் எடை

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. கத்தரிக்கோலை எடுத்து வைப்பேன், மறுபடி எடுத்து வேறு இடத்தில் வைப்பேன், வேண்டாத பஞ்சை உருட்டுவேன். ஆயா நஞ்சம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாரு மேல?" என்று கேட்பாள். அந்தத் திங்கட்கிழமை கோபம் என் மேலேயேதான். அது எனக்கே விளங்கக் காலை பத்தேகால் ஆகிவிட்டது.

என் பெயர் தில்ஷாத். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் டாக்டர் கோவிந்தப்பனின் கிளினிக்கில் நர்ஸ். சொந்த ஊர் காவேரிப்பட்டினம். ஓசூருக்கு வந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நான் சொல்வது தொண்ணூறாம் வருஷம், ஜூன் மாதம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாலு கம்பெனிகளோடு டாக்டருக்குக் காண்ட்ராக்ட் இருந்தது. வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் கார்டு. அதைக் காட்டினால் அவர், அவர் சம்சாரம், பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச வைத்தியம். கார்டில் பெயரும் வயதும் இருக்கும். போட்டோ கிடையாது.

போட்டோ இல்லாத கார்டு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பகுதியில் கார்டை இரவல் கொடுப்பது சட்னிக்குத் தேங்காய் மூடி கொடுப்பது மாதிரி. சேலத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், கூலி வேலைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், இவர்களுக்கு ஏது கார்டு? பக்கத்து அறைக்காரரின் கார்டில் அவர் பிள்ளையாக இவர்கள் பிள்ளை வந்து நிற்கும். எனக்குத் தெரியாமல் ஓர் இரவல் கார்டும் உள்ளே வந்ததில்லை. தெரிந்தேதான் விட்டேன். கொத்தனார் சாந்த் பாஷாவின் மகன் நிமோனியாவில் மூச்சுத் திணறி வந்தபோது, ஒரு லேத் ஆபரேட்டரின் கார்டில்தான் பிழைத்தான். அந்தப் பையன் தெருவில் ஓடும்போதெல்லாம் நான்தான் அவனைப் பெற்ற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

டாக்டர் கண்டிப்பானவர். குழந்தையிடம் பெயரைக் கேட்பார். அதனால் எடை மிஷினில் ஏறி நிற்கும்போதே நான் பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவேன். இங்கே உன் பெயர் இது, அப்பா பெயர் இது, டாக்டர் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு கண்ணடிப்பு. பிள்ளைகள் சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும்.

அன்றைக்கு அப்படித்தான் தொடங்கியது. கரியப்பன் என்கிற ஆள் ஒரு பெண் குழந்தையோடு வந்தான். நாற்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஃபவுண்டரியில் வேலை செய்யும் ஆஞ்சப்பனின் மச்சான் என்று முன்பே சொல்லியிருந்தான். ஆஞ்சப்பன் ஷிஃப்டில் இருப்பார், அதனால் மகளை மாமன்காரன் கூட்டி வருகிறான் என்று கணக்கு. ஆஞ்சப்பனின் மகள் முனிலட்சுமியை எனக்கு நன்றாகத் தெரியும். போன தீபாவளிக்கு முன்னால் குழாயடியில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மூன்று தையல் போட்டது நான்தான். இந்தக் குழந்தையின் தாடையில் ஒன்றும் இல்லை. சரி, வழக்கமான இரவல் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னா கண்ணு ஆச்சு?"

"சுடுதண்ணி கொட்டிக்கிச்சு சிஸ்டர்," என்றான் கரியப்பன்.

"எப்பக் கொட்டிக்கிட்ட?"

"நேத்து சாயங்காலம்," என்றான். அவன் கை அவள் பிடரியில் இருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஷினில் ஏற்றினேன். வழக்கப்படி குனிந்து, "இங்க உன் பேரு முனிலட்சுமி. அப்பா பேரு ஆஞ்சப்பன். டாக்டர் கேட்டா இதத்தான் சொல்லோணும். சரியா?" என்றேன். கண்ணடித்தேன். இந்தக் குழந்தை சிரிக்கவில்லை. கரியப்பன் சிரித்தான்.

இருபத்தெட்டு கிலோ. குழந்தைகளுக்கு மருந்து எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், கார்டின் பின்பக்கம் தேதி, வியாதி, எடை எல்லாம் எழுதுவது என் வேலை. கார்டைத் திருப்பினேன். எழுதுவதற்கு முன்னால், எதற்கென்றே தெரியாமல், மேலே இருந்த வரிகளைப் படித்தேன்.

அக்டோபர், தாடையில் வெட்டு, முப்பத்துமூன்று கிலோ. பிப்ரவரி, இரு கைகளிலும் கொப்புளம், முப்பத்தொன்று. ஏப்ரல், இரு கைகளிலும் கொப்புளம், இருமல், இருபத்துநாலு.

எல்லாம் என் கையெழுத்து. ஒரு பிள்ளை இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியிருந்தால் நான் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஏனென்றால் அது வேறு பிள்ளை என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் வந்தவள் நெட்டையாக இருந்தாள். ஏப்ரலில் வந்தது சின்னது. பெயர் கேட்டபோது 'அ' என்று ஏதோ ஆரம்பித்தது. நான் அதன் வாயை மூடி, "அதெல்லாம் வேணாம், நீ முனிலட்சுமி" என்று சொன்னேன். இன்றைக்கு இது மூன்றாவது. மூன்று பேரையும் கூட்டி வந்தவன் ஒரே ஆள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வெந்த கைகள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் ஒன்று வரும். எத்தனை பக்கத்து வீடு இருக்கிறது இந்த ஆளுக்கு?

கத்தரிக்கோலை எடுத்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். நஞ்சம்மா வாசலில் துடைப்பத்தோடு நின்று என் கையைப் பார்த்தாள்.

குழந்தையின் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். சுடுதண்ணீர் கொட்டினால் வழியும், தெறிக்கும், ஒரு பக்கம் அதிகமாக இருக்கும், தொடையிலோ காலிலோ நாலு சொட்டாவது விழும். இவளுக்குக் காலில் ஒன்றுமில்லை. இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குக் கீழே ஒரே அளவாக வெந்திருந்தது. விரல் நுனிகள் ஊறி வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. புதுக் கொப்புளத்துக்குக் கீழே ஆறிய பழைய வடு, அதற்கும் கீழே அதைவிடப் பழையது. இது நேற்று நடந்தது இல்லை. தினமும் நடப்பது. பிப்ரவரியிலேயே இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். பார்த்து, களிம்பு தடவி, கண்ணடித்து அனுப்பியிருக்கிறேன்.

நஞ்சம்மா பக்கத்தில் வந்து தரையைத் துடைக்கிற மாதிரி குனிந்தாள். என்னிடம் மட்டும் கேட்கிற குரலில், "சிஸ்டர், வாசன பாத்தியா? புழு நாத்தம். பட்டுக் கொட்டாயி," என்றாள். அவள் சின்ன வயதில் கர்நாடகப் பக்கம் பட்டு நூல் எடுக்கிற கொட்டகையில் கூலிக்குப் போனவள். கொதிக்கிற தண்ணீரில் பட்டுப்புழுக் கூட்டைப் போட்டு, விரலை விட்டு நூலின் நுனியைத் தேடி எடுக்க வேண்டும். சின்னக் கை என்றால் நுனி சீக்கிரம் அகப்படும் என்று முன்பொரு முறை சொல்லியிருக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். வாயைத் திறந்தும் விட்டேன். நஞ்சம்மா துடைப்பத்தால் என் காலில் ஓர் இடி இடித்தாள்.

"நீ கேட்டீன்னா இப்பவே இட்டுனு போயிடுவான்," என்று முணுமுணுத்தாள்.

உண்மைதான். கிளினிக் வாசலில் அவன் மொபெட் நின்றிருந்தது. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் போனால் கர்நாடக எல்லை எவ்வளவு தூரம்? இந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தப் பக்கம் போவதற்குள் கொட்டகையே காலியாகிவிடும். அப்புறம் இந்தக் கைகளை நான் எந்த ஊரில் போய்த் தேடுவது?

வாயை மூடினேன். முகத்தில் சிரிப்பை வரவழைத்தேன்.

"சீழ் வெச்சிருக்குதுங்க. பென்சிலின் ஊசி போடோணும். மொதல்ல டெஸ்ட் டோஸ் போட்டு அரை மணி நேரம் பாக்கோணும். ஒத்துக்கலன்னா ஆளே போயிடும்," என்றேன்.

பென்சிலின் போடும் எல்லாக் கிளினிக்கிலும் இதுதான் முறை. அவனுக்கும் தெரியும். "சீக்கிரம் பாருங்க சிஸ்டர், வேல கெடக்குது," என்று சொல்லிக்கொண்டு கூடவே எழுந்தான்.

"ஊசி ரூமுல லேடீஸ் இருக்காங்க. ஆம்பளைங்க வரக் கூடாது," என்று நஞ்சம்மா குறுக்கே நின்றாள். உள்ளே லேடீஸ் யாரும் இல்லை. காலியான ஸ்டூல்தான் இருந்தது.

கதவைச் சாத்தினேன். மணி பத்து இருபது.

ஊசியைப் போட்டேன், பேனாவால் அதைச் சுற்றி வட்டம் வரைந்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் அவசரப்பட்டேன். என் குணமே அதுதான். "உன் நெசமான பேரு என்ன கண்ணு?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டேன்.

"முனிலட்சுமி."

"அது கார்டுல இருக்கற பேரு. உன் பேரு?"

"முனிலட்சுமி. அப்பா பேரு ஆஞ்சப்பன்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன்."

அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே இப்பிடி சொல்லச் சொன்னீங்க," என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த ஆளின் எதிரிலேயே, அவனுக்கு வேண்டிய பொய்யை அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவன் சிரிக்க நானும் சிரித்தேன். அவள் கண்ணுக்கு நான் அவன் ஆள். அவள் இடத்தில் இருந்தால் நானும் வாயைத் திறக்க மாட்டேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்தைந்து. வெளியே அவன் செருப்புச் சத்தம் போய்ப் போய் வந்தது. நஞ்சம்மாதான் ஒரு பன்னை எடுத்து வந்தாள். குழந்தையால் அதைப் பிடிக்க முடியவில்லை. நஞ்சம்மா கீழே உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்து வாயில் வைத்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"கைய நான் தொடட்டுமா?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். அப்புறம் தலையசைத்தாள். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். வலித்தால் சொல், நிறுத்துகிறேன் என்றேன். மூன்றாவது விரலில் அவள் இழுத்துக்கொண்டாள். நான் நிறுத்தினேன். மறுபடி அவளாகவே கையை நீட்டும்வரை பேசாமல் இருந்தேன். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை அன்றைக்கு வேறு இல்லை.

"ராத்திரி எத்தன பேரு படுத்துக்குவீங்க?"

"பன்னண்டு பேரு."

"கதவு?"

"அவரு பூட்டினு போவாரு."

"காலையில?"

"இருட்டா இருக்கும்போதே தொறப்பாரு. தண்ணி கொதிக்கோணுமில்ல?"

அந்தச் சாவிக்கொத்தின் சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். சத்தம் தள்ளிப் போனதும், நான் கேட்காமலேயே பேசினாள். ஊத்தங்கரைக்கு அந்தண்டை ஒரு ஊர். அப்பா மாடு விற்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வந்தபோது இந்த ஆள் பழக்கமானான். ஓசூரில் கம்பெனி, மூன்று வேளைச் சோறு, சாயங்காலம் பள்ளிக்கூடம் என்று சொன்னானாம். வந்து ஒன்பது மாதமாகிறது. பொங்கலுக்கு அப்பா வருவார் என்று சொன்னான். வரவில்லை. அப்பாவுக்கு வேறு இடத்தைச் சொல்லியிருப்பான் என்று அவளே சொன்னாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது.

"ஒன்ன இன்னிக்கே வூட்டுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். என்னால் முடியுமா முடியாதா என்று தெரியாத ஒன்றை இந்தப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. ஏற்கெனவே ஒருவன் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறாள்.

"எங்க டாக்டர்கிட்ட சொல்லப் போறன். அவரு பெரிய ஆபீசருக்கு போன் பண்ணுவாரு. அதுவரைக்கும் நீ இந்த ரூமுலயே இரு. நஞ்சம்மா ஒன்ன வுட்டு நகர மாட்டா. சரியா?"

"நான் மட்டும் இங்க இருந்துட்டா மத்தவங்கள அடிப்பாரு," என்றாள். "போன தடவ ஒருத்தி ஓடிட்டா. அன்னிக்கே எல்லாரையும் வேன்ல ஏத்தி அந்தப் பக்கம் கொண்டு போயிட்டாரு. பத்து நாள் கழிச்சுதான் கூட்டினு வந்தாரு."

ஆக, பிள்ளையைப் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. அவனையும் போகவிடக் கூடாது.

டாக்டர் அறையில் அப்போது நோயாளிகள் யாரும் இல்லை. கார்டை மேஜையில் குப்புற வைத்து, எழுதியிருந்த மூன்று எடையையும் விரலால் காட்டி, இன்றைய இருபத்தெட்டையும் சொன்னேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இரவல் கார்டுகளையும் சொன்னேன், கண்ணடித்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"எத்தன வருஷமா இப்பிடி விடறீங்க?"

"வந்ததிலிருந்து சார்."

"ஒவ்வொரு வரியிலயும் என் கையெழுத்து இருக்கு தில்ஷாத். கம்பெனிக்குத் தெரிஞ்சா காண்ட்ராக்ட் போயிடும்."

"தெரியும் சார்."

"உங்க வேலையும் போயிடும்."

"போகட்டும் சார். மணி பத்தே முக்கால் ஆகப்போவுது. அரை மணி நேரம்னு சொல்லியிருக்கேன்."

அவர் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. அவர் முகத்தில் வெட்கம் வந்தது. கோபமாக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். வெட்கத்துக்கு முன்னால் என்ன பேசுவது? "எடைய நானும்தானே பாத்து கையெழுத்துப் போட்டேன்," என்று சொன்னார். குடும்பக்கட்டுப்பாடு முகாமுக்காகக் குறித்து வைத்திருந்த சப் கலெக்டர் ஆபீஸ் நம்பரை டைரியில் தேடினார். கறுப்புப் போனைத் தன் பக்கம் இழுத்தார். டயல் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும் அந்தச் சத்தம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. இரண்டு முறை எங்கேஜ்ட். மூன்றாவது முறை கிடைத்தது.

நான் வெளியே வந்தேன். கரியப்பன் பெஞ்சில் இல்லை. வாசலில் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு இருக்கட்டும் சிஸ்டர். ஒரு எட்டு போயிட்டு வந்து கூட்டிக்கிறன். கார்ட மட்டும் குடுங்க."

"கார்டு டாக்டர்கிட்ட இருக்குது, கையெழுத்தாகோணும்," என்றேன். அவன் உதட்டைச் சுழித்தான். சந்தேகமா, வெறும் எரிச்சலா, தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் கார்டும் வேண்டாம் என்று கிளம்பிவிடுவான். அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, அவன் முகத்தையே உற்றுப் பார்த்தேன்.

"ஏங்க, உங்களுக்கு பிரஷர் இருக்குதா?"

"எனக்கா? இல்லயே."

"கண்ணு செவந்து கெடக்குது. கழுத்துல நரம்பு எழும்பிக் கெடக்குது. பின்மண்ட வலிக்குதா?"

யாரைக் கேட்டாலும் பின்மண்டை கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "காலையிலருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்குது," என்றான்.

"வாங்க, பாத்துடலாம். இந்த வெயில்ல வண்டி ஓட்டி வுழுந்து தொலைச்சீங்கன்னா?"

வந்தான். பெஞ்சில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டிக் காற்றை அடித்தேன். பல்பை இன்னும் கொஞ்சம் அடித்து அவன் கையை நசுக்கிவிடலாமா என்றுகூட இருந்தது. நூற்றி முப்பது, எண்பது. காளை மாட்டு உடம்பு. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு துண்டுச் சீட்டில் நூற்றித் தொண்ணூறு என்று எழுதிக் காட்டினேன். பொய்ப் பெயர் எழுதிப் பழகிய கைக்குப் பொய் பிரஷர் எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

"இந்தக் கட்டில்ல படுங்க. அசையக் கூடாது. அசஞ்சா வாய் கோணிக்கும்," என்றேன்.

அந்த ஆள் சத்தியமாக அசையவில்லை. கட்டிலில் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "இப்ப எப்பிடி சிஸ்டர்?" என்று கேட்டான். "கொஞ்சம் எறங்குது," என்பேன். ஒரு தடவை "ஏறிடுச்சு" என்றேன். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். பன்னிரண்டு பிள்ளைகளைப் பூட்டி வைக்கிறவனுக்குத் தன் உயிர் மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் ஜன்னலுக்கு ஓடினேன். சிமெண்ட் லாரி. ஆட்டோ. கம்பெனி பஸ். ஊசி அறைக்குப் போய்ப் பார்த்தேன், நஞ்சம்மாவின் மடியில் குழந்தை தூங்கியிருந்தது. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். டாக்டர் தன் அறை வாசலில் நின்று, ஒன்றும் நடக்காதது மாதிரி பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு ஜீப் வந்தது. ஒரு அதிகாரி, இரண்டு கான்ஸ்டபிள்கள், ஒரு கிளார்க். கரியப்பன் போலீஸைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். முதலில் அவர்களைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அப்போதும் ஒரு கையால் மற்றக் கையின் நாடியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குக் காயம் இருக்கும், நர்ஸ் ஒருவர் கூட வரட்டும் என்று அதிகாரி சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பஞ்சு, களிம்பு, துணிச் சுருள் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினேன். ஊசி அறை ஜன்னல் வழியே குழந்தை எட்டிப் பார்த்தது.

"செல்லி," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன கண்ணு?"

"என் பேரு."

கொட்டகை பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கொய்யாத் தோப்புக்குப் பின்னால் இருந்தது. தகரச் சுவர். பூட்டைத் திறந்ததும் ஆவியும் அந்த நாற்றமும் முகத்தில் அடித்தன. வரிசையாகக் கொதிக்கும் தொட்டிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பிள்ளை. போலீஸைப் பார்த்தும் அவர்கள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

கடைசித் தொட்டியில் நெட்டையான ஒருத்தி என்னையே பார்த்தாள். பிப்ரவரி, முப்பத்தொன்று கிலோ. நான் பக்கத்தில் போனேன்.

"வந்துட்டீங்களா சிஸ்டர்," என்றாள். அதில் ஆச்சரியமே இல்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்த பஸ் வந்த மாதிரி சொன்னாள். "நீங்க வருவீங்கன்னு அவ சொல்லினே இருந்தா."

"யாரு?"

"சின்னவ. இருமிக்கினே இருப்பாளே. ஒங்ககிட்ட வந்துட்டுப் போனதும் எங்க எல்லார்கிட்டயும் சொன்னா. அந்த சிஸ்டருக்கு நான் முனிலட்சுமி இல்லன்னு தெரியும்டி. தெரிஞ்சும் அவரு முன்னால காட்டிக்கல. எனக்குக் கண்ணடிச்சாங்க. ஆள கூட்டினு வருவாங்க, பாருங்கன்னு." அவள் தகரச் சுவரில் ஒரு கிழிசலைக் காட்டினாள். "வண்டிச் சத்தம் கேட்டா ஓடிப் போயி அதுல கண்ண வெச்சிப் பாப்பா. அடி வாங்குவா. மறுபடி போயிப் பாப்பா."

நான் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன். பதினோரு பிள்ளைகள். சின்னது எதுவும் இல்லை.

"அவ எங்க?"

"இருமல் நிக்கல. நூலு அறுந்து போவுதுன்னு போன மாசம் வேற ஒருத்தர் வந்து கூட்டினு போயிட்டாரு. அந்தப் பக்கம். வேற கொட்டாயிலருந்து செல்லியக் கொண்டாந்து அவ தொட்டியில வுட்டுட்டாங்க."

"அவ பேரு என்ன?"

"அதியா."

அதியா. என் அக்கா மகளுக்கும் அதே பெயர்தான். ஏப்ரலில் 'அ' என்று ஆரம்பித்த அந்த வாயை இன்னும் ஒரு விநாடி திறக்க விட்டிருந்தால், எங்கள் வீட்டுப் பெயர் ஒன்று ஆஞ்சப்பனின் கார்டில் ஏன் வந்து நிற்கிறது என்று நான் கேட்டிருப்பேன். கேட்டே இருப்பேன். என்னால் கேட்காமல் இருக்க முடியாது. நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அது சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

கிளார்க் நோட்டோடு வந்தார். வயதானவர், பொறுமையான மனுஷர். அந்தப் பக்கத்து அதிகாரிகளுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். காணாமல் போன பிள்ளையின் விவரம் வேண்டும். அப்பா பெயர்? தெரியவில்லை. ஊர்? நெட்டையான பெண்ணுக்கும் தெரியவில்லை. போட்டோ? கிடையாது.

"நீங்கதானேம்மா வைத்தியம் பாத்தது? ஏதாச்சும் அடையாளம் சொல்லுங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். முகம் நினைவுக்கு வரவில்லை. கையும் இருமலும்தான் நினைவில் இருந்தன. அந்த மஞ்சள் கார்டில் என் கையால் எழுதிய மூன்றாவது வரியும் நினைவில் இருந்தது.

"எடை இருபத்துநாலு கிலோ," என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "எடையெல்லாம் அடையாளமாம்மா? மாறிடுமே."

"எழுதிக்குங்க சார்," என்றேன். "என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."